இது எங்க செக்‌ஷன் இல்லைங்க

திருவண்ணாமலையில் மனு வாங்கும் கிழமை திங்கள். மலை இறங்கியது ஞாயிறு.

2024 டிசம்பர் 1. முந்தின நாள் இரவு புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை ஏறிய ஃபெஞ்சல் புயல், நகர மனமில்லாமல் நின்று கொட்டிக்கொண்டிருந்தது. வ.உ.சி. நகர் 11-வது தெருவில் அண்ணாமலைச் சரிவிலிருந்து மண்ணும் பாறையும் பெயர்ந்து வந்து வீட்டை மூடின. உள்ளே ஏழு பேர். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். எல்லா உடல்களையும் வெளியே எடுக்கச் செவ்வாய்க்கிழமை ஆயிற்று.

அதற்குப் பிறகு நடந்தது தமிழ்நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம். தலைக்கு 5 லட்சம் ரூபாய் அறிவித்தார்கள். துணை முதல்வர் நேரில் வந்தார். சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்கள் மண்ணை எடுத்துப் பார்த்தார்கள். மைக் நீட்டிய இடத்தில் எல்லாம், "மலையடிவாரத்துல ஆக்கிரமிச்சுக் கட்டினா இப்படித்தான்" என்று யாராவது ஒருவர் நெற்றியைச் சுருக்கினார். உயிரோடு இருந்தவரை அவர்கள் வாக்காளர்கள். மண்ணுக்குள் போன அன்று மாலையே ஆக்கிரமிப்பாளர்கள்.

சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். 11-வது தெரு என்றால் அதற்கு முன்னால் பத்துத் தெரு இருக்க வேண்டும். எண் போட்டது யார், அண்ணாமலையாரா? இந்த ஊரின் அடிவாரத் தெருக்களில் சும்மா ஒரு நடை போய்ப் பாருங்கள். சிமென்ட் சாலை சரிவில் ஏறிக்கொண்டே போகும். மின்கம்பம் கூடவே ஏறும். குடிநீர்க் குழாய் ஏறும். தேர்தல் வந்தால் கட்சிக் கொடியும் மூச்சு வாங்காமல் ஏறும். ரேஷன் அட்டையில் அந்த முகவரி உண்டு, ஆதாரில் உண்டு, வாக்காளர் பட்டியலில் கண்டிப்பாக உண்டு. வரி கட்டினால் இடம் உனக்குச் சொந்தம் என்று அர்த்தமில்லை என்பது சட்டம். இடம் யாருடையது என்று தெரியாமலே வரி வாங்கலாம் என்பது வசதி. அரசாங்கம் அந்தச் சரிவில் எல்லாவற்றையும் கொண்டுபோய்ச் சேர்த்தது, மண்ணைத் தாங்க ஒரு சுவரைத் தவிர.

குடிசைக்காரர்களை விடுவோம். நீங்கள் ஒழுங்கான ஆள். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றும் கையில் இருக்கின்றன. "மலை தரிசனத்துடன் வீட்டு மனை" என்று விளம்பரம் பார்த்து வாங்கிய மனை. வீட்டுக்குப் பின்னால் பத்தடி மண்மேடு. ஒவ்வொரு ஐப்பசியிலும் சேறு கொல்லை வரை வருகிறது, போன மழையில் சமையல்கட்டுக்கும் வந்துவிட்டது. பயம் பிடித்துக்கொண்டது. முறைப்படி அனுமதி வாங்கி, விவரம் தெரிந்தவர்களை வைத்து ஒரு தாங்கு சுவர் கட்டிக்கொள்ளலாம் என்று முடிவு செய்கிறீர்கள்.

இந்த ஊரில் ஒரு குடிமகன் செய்யக்கூடிய பெரிய தவறு இதுதான்.

முதலில் மாநகராட்சி. 2024 ஆகஸ்டில்தான் நகராட்சி மாநகராட்சி ஆனது. பெயர்ப்பலகை மாறிவிட்டது, மேசை மாறவில்லை.

"வீடு கட்டறீங்களா?"

"இல்ல சார், சுவர் மட்டும்."

"காம்பவுண்டா?"

"காம்பவுண்டு இல்ல சார். மண்ணைத் தாங்கற சுவர். ரீடெய்னிங் வால்."

அவர் கணினியைப் பார்க்கிறார். கணினி அவரைப் பார்க்கிறது.

"ஆன்லைன்ல அந்த ஆப்ஷன் வரலைங்களே. காம்பவுண்டுன்னே போட்டுடட்டுமா?"

போட்டுவிடலாம்தான். காம்பவுண்டு சுவர் பக்கத்து வீட்டு ஆடு வராமல் தடுப்பது. இது மலை வராமல் தடுப்பது. ஆட்டுக்கும் மலைக்கும் ஒரே படிவம் என்றால் சிக்கனம்தானே.

"பின்பக்கம் என்ன இருக்கு?"

"மலை சார்."

"அப்ப ஃபாரஸ்ட்ல என்.ஓ.சி. வாங்கிட்டு வந்துடுங்க."

வனத்துறையில் இருப்பவர் நல்ல மனிதர். உட்காரச் சொல்கிறார். "சுவர் உங்க பட்டாவுல வருதா, எங்க எல்லையில வருதா?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சர்வேயரிடம் இருக்கிறது. சர்வேயர், மாவட்டம் முழுவதையும் ஒற்றை ஆளாக அளந்துகொண்டிருப்பவர் போன்ற களைப்போடு, ஒருநாள் வருகிறார். புல வரைபடத்தை விரிக்கிறார். கோடு இருக்கிறது, கல் இல்லை. மலை பக்கத்துக் கல் எப்போதோ யாருடைய வீட்டுக்கோ படிக்கல்லாகப் போய்விட்டது.

அந்த வரைபடத்தை நீங்களும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். நீளம் இருக்கும், அகலம் இருக்கும், உயரம் இருக்காது. தஞ்சாவூர் வயலுக்கும் அண்ணாமலைச் சரிவுக்கும் ஒரே மாதிரிக் கோடு. 2,668 அடி உயரமுள்ள மலையின் காலடியில் இருக்கும் மனையைக் காகிதத்தில் பார்த்தால் கிரிக்கெட் ஆடலாம் போலிருக்கும். அனுமதி கொடுக்கும் மேசைக்கு வந்துசேர்வது அந்தக் காகிதம்தான். மலை மேசைக்கு வருவதில்லை.

அடித்தளம் தோண்டினால் மண் வருமே? அதை லாரியில் வெளியே ஏற்ற வேண்டுமென்றால் கனிமவளத் துறையில் பர்மிட். தோண்டி எடுத்தால் பர்மிட் வேண்டும், தானாக இறங்கி வந்தால் வேண்டாம். சரிவில் ஓடை ஏதாவது வருகிறதா என்று பார்க்க இன்னொரு துறை. பழைய ஆவணத்தில் ஓடை இருக்கும். நேரில் போனால் அந்த இடத்தில் இரண்டு மாடி லாட்ஜ் இருக்கும். மனை கோயில் நிலமாக இருக்குமோ என்று யாராவது சந்தேகப்பட்டால் அறநிலையத் துறை. எல்லோரும் சொல்லி வைத்தாற்போல் ஒன்று சொல்வார்கள்: "இது எங்க செக்‌ஷன் இல்லைங்க."

பொய் சொல்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். அதுதான் கொடுமை. அவர்கள் சொல்வது உண்மை. சுவருக்குப் பின்னால் உள்ள மண் வனத்துறையுடையது, சுவருக்கு முன்னால் உள்ள மண் வருவாய்த் துறைக்குத் தெரிந்தது, மேலே விழும் மழை யாருடையதும் இல்லை, கீழே தூங்குகிறவன் மாநகராட்சிக்கு வரி கட்டுகிறவன். சரிவு என்ற ஒரு பொருளுக்கு இந்த அரசாங்கத்தில் நாற்காலி கிடையாது. எழுத்தரைத் திட்டி என்ன செய்வது? அவருக்குக் கொடுத்த படிவத்தில் மலைக்குக் கட்டமே இல்லை.

கடைசியில் வேங்கிக்கால். ஆட்சியர் அலுவலகம், திங்கள்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் நாள். வரிசையில் நிற்கிறீர்கள். உங்களுக்கு முன்னால் முதியோர் உதவித்தொகைக்கு ஒரு பாட்டி, பின்னால் பாதைத் தகராறுக்கு ஓர் அண்ணன் தம்பி. மனு வாங்கப்படுகிறது, எண் போடப்படுகிறது, "உரிய நடவடிக்கைக்காக" அனுப்பப்படுகிறது. எங்கே? முதலில் போனீர்களே, அந்தக் கணினிக்கு. பிறகு ஒருநாள் கைபேசியில் குறுஞ்செய்தி வருகிறது: தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு முடிக்கப்பட்டது. மண்மேடு பின்னால் அப்படியே நிற்கிறது. மனு முடிந்துவிட்டது.

இந்த ஊரில் உங்களுக்கு நேர்மையான ஆலோசனை சொல்லும் ஒரே ஆள், அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடையை ஒட்டி "பிளான் அப்ரூவல் எடுத்துத் தரப்படும்" என்று போர்டு மாட்டியிருப்பவர்தான். "அண்ணா, இதுக்கெல்லாம் எதுக்குண்ணா அலையறீங்க? சனி ஞாயிறு லீவுல கட்டி முடிச்சிடுங்க. யாராச்சும் கேட்டா அப்ப பாத்துக்கலாம்." அவர் சொல்வதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. கட்டிய சுவரை யாரும் வந்து கேட்கமாட்டார்கள். கட்டாத சுவருக்குத்தான் இத்தனை கேள்வி.

சரி, கட்டிவிடலாம். யாரை வைத்து?

மேஸ்திரி வருகிறார். மேட்டை ஒரு பார்வை பார்க்கிறார். "ஒம்போது இன்ச்சு போதும் சார். அடியில மூணு அடி கருங்கல் போட்டுட்டா மலையே வந்தாலும் நிக்கும்." அவரைக் குறை சொல்லமாட்டேன். நல்ல கைக்காரர், தூக்குக்குண்டு தப்பாத சுவர் வைப்பவர். ஆனால் அவர் வாழ்நாள் முழுக்கக் கட்டியது, மேலிருந்து வரும் பாரத்தைக் கீழே இறக்கும் சுவர். தாங்கு சுவருக்குப் பாரம் பக்கவாட்டில் வருகிறது. அது வேறு வித்தை.

அடுத்து இன்ஜினியர். "சைட்டுக்கு ஒரு நடை வர்றீங்களா சார்?" "எதுக்கு? வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்புங்க, டிராயிங் போட்டுடறேன்." போட்டோவில் உங்கள் மனைவி துணி காயப்போடும் கொடி தெரியும், மண் தெரியும், மண்ணுக்குள் இருக்கும் தண்ணீர் தெரியாது. அடுத்த நாளே டிராயிங் வந்துவிடும். சீல், கையெழுத்து, வடதிசை அம்பு எல்லாம் இருக்கும். போன மாதம் போளூரில் யாருக்கோ போட்டதில் அளவை மட்டும் மாற்றியிருப்பார்.

மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். இதை விளக்க வேண்டியவர்கள் விளக்கவில்லை.

மண் பக்கவாட்டில் எவ்வளவு தள்ளும் என்ற கணக்கு புதியது ஒன்றும் இல்லை. பிரெஞ்சுக்காரர் கூலம் 1776-லேயே போட்டுவிட்டார். ஸ்காட்லாந்தின் ரான்கின் 1857-ல் அதை எளிமையாக்கினார். நம் பாலிடெக்னிக் பிள்ளைகள்கூடப் பரீட்சைக்கு எழுதும் கணக்கு. உங்கள் கொல்லைச் சுவருக்கே போட்டுப் பார்க்கலாம். சுமார் பத்தடி, அதாவது மூன்று மீட்டர் உயரச் சுவர். பின்னால் காய்ந்த மணல்சாரி மண். சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் அந்த மண் ஏறக்குறைய 2.7 டன் விசையோடு தள்ளுகிறது. அதே மண்ணில் மழைநீர் இறங்கி, வெளியே போக வழியில்லாமல் சுவரின் உச்சி வரை தேங்கிவிட்டால்? கிட்டத்தட்ட 6 டன். மண் அதே மண், சுவர் அதே சுவர். தள்ளுவது மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. அதில் முக்கால் பங்கு தண்ணீர் மட்டும் தள்ளுவது.

இன்னொன்றும் உண்டு. உயரத்தை இரட்டிப்பாக்கினால் தள்ளும் விசை நான்கு மடங்கு ஆகும், சுவரைக் கவிழ்க்கும் வலு எட்டு மடங்கு. அஞ்சடிச் சுவர் நின்றது, அதனால் பத்தடியும் நிற்கும் என்பது மேஸ்திரியின் அனுபவம். எட்டு மடங்கு என்பது கணக்கு. மழை கணக்கின் பக்கம்.

ஆகவே தாங்கு சுவரின் உயிர் சிமென்ட் மூட்டையில் இல்லை, வடிகாலில் இருக்கிறது. சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்ப வேண்டும். சுவரில் இடைவெளி விட்டுக் குழாய் வைக்க வேண்டும், வீப் ஹோல் என்பார்கள். மேட்டின் தலையில் ஒரு வாய்க்கால் வெட்டி, மேலிருந்து ஓடிவரும் நீரைச் சுற்றித் திருப்பிவிட வேண்டும். மலைப் பகுதிச் சுவர்களுக்கென்றே ஐ.எஸ். 14458 என்ற இந்தியத் தர நிர்ணயம் 1990-களின் பிற்பாதியிலிருந்து இருக்கிறது. எந்த இடத்துக்கு எந்த வகைச் சுவர், எப்படிக் கட்டுவது எல்லாம் அதில் உண்டு. அதைக் கையில் வைத்துக்கொண்டு வந்து உங்கள் மேட்டைப் பார்த்த அலுவலர் யாராவது உண்டா?

நடப்பது என்ன? முதலில் ஜே.சி.பி. வரும். மனையைச் சமமாக்க வேண்டுமே. சரிவின் அடியைச் செங்குத்தாக வெட்டும். மேலே உள்ள மண் எதன் மேல் கால் ஊன்றி நிற்கிறதோ அதையே முதலில் எடுத்துவிட்டு, அப்புறம் அதைத் தாங்கச் சுவர் கட்டுவது நம் ஊர் முறை. சுவர் எழும்பும். குழாய் வைத்தால் அதிலிருந்து செம்மண் தண்ணீர் ஒழுகிப் புது பெயின்ட் கெட்டுவிடும் என்று வீட்டுக்காரரே சிமென்ட் வைத்து அடைத்துவிடுவார். சுவருக்குப் பின்னால் ஒரு கூடை ஜல்லி போடாதவர், முன்னால் பூசணிக்காய் உடைக்கத் தவறமாட்டார்.

இந்தக் கேலியெல்லாம் பட்டா உள்ளவருக்கு. அவரிடம் ஜே.சி.பி. வாடகைக்காவது காசு இருக்கிறது. 11-வது தெருக்காரர் என்ன செய்வார்? அவர் சுவர் கட்டலாமா என்று கேட்டுப் போனால், கேட்டதே வாக்குமூலம் ஆகிவிடும். "ஓ, நீ அங்கதான் இருக்கியா?" அதனால் அவர் கேட்கமாட்டார். கேட்காததால் அரசாங்கத்துக்குத் தெரியாது. தெரியாததால் செலவில்லை. இறந்தபின் தலைக்கு 5 லட்சம் என்றால், ஏழு பேருக்கு 35 லட்சம். அந்தப் பணத்தை உயிரோடு இருக்கும்போது சரிவில் செலவழிக்க எந்தத் தலைப்பிலும் நிதி இல்லை. நிவாரணத்துக்குத் தலைப்பு இருக்கிறது.

அரசு சும்மா இருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள். அதே 2024-ல், ஜூலை 22 அன்று, சுயசான்றுத் திட்டம் வந்தது. 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை வீடு. வீட்டுக்காரரே உறுதிமொழி கொடுத்து இணையத்தில் பணம் கட்டினால் உடனடி அனுமதி. லஞ்சத்துக்கு ஒரு கதவை அடைத்த திட்டம், மறுக்கவில்லை. சமவெளியில் வீடு கட்டும் ஆயிரமாயிரம் பேருக்கு வரம். ஆனால் அந்தப் படிவம் மனையின் சரிவு எத்தனை டிகிரி என்று கேட்பதில்லை. பின்னால் மலை இருந்தால் என்ன செய்வது என்று அதற்குத் தெரியாது. வீட்டுக்கு அன்றைக்கே அனுமதி, வீட்டைக் காக்கும் சுவருக்கு ஆறு வாசல். இரண்டும் ஒரே அரசாங்கம்.

நிபுணர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். 2019-ஆம் ஆண்டு கட்டட விதிகளில் கட்டமைப்புப் பொறியாளர், மண்ணியல் பொறியாளர் என்று பதிவு பெறும் வகைகள் தனித்தனியாகவே உண்டு. 2014 ஜூன் 28-ல் மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்த பிறகு, மண் என்று ஒன்று இருக்கிறது என்பது அரசுக்கும் புரிந்திருக்கும். ஆனால் நடைமுறையில் மண்ணியல் பொறியாளர் அடுக்குமாடிக்கு. அடிவாரத்து ஓட்டு வீட்டுக்கு ஆள் உயிர் போன பிறகுதான் வருவார், அதுவும் ஐ.ஐ.டி.யிலிருந்து. அப்போது அவர் மண்ணைத் தொட்டுப் பார்ப்பதை எல்லாச் சேனலும் நேரலையில் காட்டும்.

மலை சரிந்த அந்த நாளில் மாநிலத்தின் பொதுப்பணித் துறையும் நெடுஞ்சாலைத் துறையும் எ.வ. வேலுவிடம் இருந்தன. திருவண்ணாமலைத் தொகுதியின் எம்.எல்.ஏ.வாக அப்போது இருந்தவரும் அவர்தான். சாலைக்குத் தாங்கு சுவர் கட்டும் வித்தையைத் தமிழ்நாட்டில் நெடுஞ்சாலைத் துறையைவிட நன்றாகத் தெரிந்த துறை வேறு எது? ஏற்காடு ஏறுங்கள், குன்னூர் ஏறுங்கள், வளைவுக்கு வளைவு சுவர் நிற்கும். காருக்காகச் சரிவைத் தாங்கத் தெரிந்த அரசு இது. மனிதன் வசிக்கிற சரிவு என்றால் மட்டும் அது செக்‌ஷன் மாறிவிடுகிறது.

காசு இருந்தால் சுவர் எப்படி வரும் என்பதற்கும் நம்மிடம் சாட்சி உண்டு. திருவண்ணாமலைக்கு அப்படியே ஐந்து ஆண்டுகளுக்கு முன், 2019 டிசம்பர் 2. மேட்டுப்பாளையம் அருகே நடூர். வசதியான ஒருவரின் வீட்டுக்குக் கருங்கல்லில் சுமார் இருபதடிச் சுற்றுச்சுவர். சுவரின் மறுபக்கத்தில் தலித் குடும்பங்களின் வீடுகள். விடியாத இருட்டில், மழையில் ஊறிய சுவர் அந்த வீடுகளின் மேல் விழுந்தது. 17 பேர் செத்தார்கள். 17 பேரும் தலித்துகள். இந்தச் சுவர் ஆபத்தானது என்று முன்பே சொன்னோமே என்று கதறினார்கள் ஊர்க்காரர்கள். நீதி கேட்டு மருத்துவமனை முன் கூடியவர்கள் மேல் போலீஸ் தடியடி நடத்தியது. சுவரின் சொந்தக்காரர் கைதானார், கொஞ்ச நாளில் ஜாமீனில் வந்தார்.

நடூரில் சுவர் இருந்ததால் செத்தார்கள். வ.உ.சி. நகரில் சுவர் இல்லாததால் செத்தார்கள். இரண்டு இடத்திலும் மேலே இருந்தது என்ன, கீழே இருந்தது யார் என்று பாருங்கள். இருபதடிக் கருங்கல் சுவர் எழும்பும்போது அதை எந்த அலுவலரும் பார்க்கவில்லையா? அஞ்சாறு செங்கல் அடுக்கினாலே சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து "என்ன கட்டறீங்க?" என்று கேட்கும் ஊர் இது. உயரமான சுவருக்கு மட்டும் கண் தெரியாமல் போகிறது.

இதெல்லாம் இயற்கைச் சீற்றம், மனிதனால் என்ன செய்ய முடியும் என்று பெருமூச்சு விடுபவர்களுக்காக ஹாங்காங் கதையைச் சொல்கிறேன். நம்மைவிடச் செங்குத்தான ஊர், நம்மைவிட மழை, நம்மைவிட நெரிசல். 1972 ஜூன் 18, ஒரே நாளில் இரண்டு நிலச்சரிவு. சாவ் மாவ் பிங்கில் 71 பேர், போ ஷான் சாலையில் 67 பேர். அங்கேயும் குழு போட்டார்கள். 1976-ல் அதே சாவ் மாவ் பிங்கில் மறுபடி மண் சரிந்து 18 பேர் போனார்கள். அதற்கப்புறம் குழுவோடு நிறுத்தவில்லை. 1977-ல் சரிவுகளுக்கென்றே தனி அலுவலகம் திறந்தார்கள். ஊரில் மனிதன் வெட்டிய சரிவு, கட்டிய தாங்கு சுவர் எல்லாவற்றையும் எண்ணிப் பதிவு செய்தார்கள், சுமார் 60,000. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், அந்த இடத்திலேயே ஒரு தகடு. எண்ணைச் சொன்னால் அது யார் பொறுப்பு என்று தெரிந்துவிடும். பராமரிக்காத சொந்தக்காரருக்கு ஆணை போகும்.

நம் ஊரில் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். விளக்குக் கம்பத்துக்கு எண் இருக்கிறது, உண்டியலுக்கு எண் இருக்கிறது. சரிவுக்கு இல்லை.

எண் போட்டால் மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இலங்கையில் பதுளை மாவட்டம் கொஸ்லந்தை அருகே மீரியபெத்த தோட்டத்தில், 2014 அக்டோபர் 29 காலையில், நம் மலையகத் தமிழர்களின் லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று அந்நாட்டுக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் 2011-லும் எச்சரித்திருந்தது. காகிதம் இருந்தது. குடியிருந்தவர்களுக்கு வேறு வீடுதான் இல்லை. வ.உ.சி. நகரிலிருந்து ஆட்களை எழுப்ப வேண்டும் என்று இன்று ஆவேசப்படுகிறவர்கள், எங்கே குடிவைப்பது என்ற கேள்வியை மட்டும் பேசாமல் தாண்டிப் போவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஊருக்கு வெளியே, வேலையும் பேருந்தும் இல்லாத பொட்டலில் ஒரு சாவியைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டால், அடுத்த பொங்கலுக்குள் அவர்கள் மலையடிக்கே திரும்பிவிடுவார்கள். பூக்கட்டுவதும், இட்லிக் கடைக்குப் பாத்திரம் கழுவுவதும், பக்தர்களின் செருப்பைப் பார்த்துக்கொள்வதும் கோயிலைச் சுற்றித்தான் நடக்கிறது.

நினைத்தால் இந்த அரசாங்கத்தால் வேகமாக இயங்க முடியும். மண் சரிந்த பன்னிரண்டாம் நாள், டிசம்பர் 13, கார்த்திகை மகாதீபம். அதற்குள் புவியியல் வல்லுநர் குழு வந்தது, மலையில் ஏறிப் பார்த்தது, அறிக்கை கொடுத்தது. மண் ஊறியிருக்கிறது, கூட்டம் ஏறினால் ஆபத்து, பக்தர்களுக்கு அனுமதி இல்லை என்று அரசு முடிவெடுத்தது. கொப்பரையும் நெய்யும் சுமக்கும் ஆட்கள் மட்டும் போனார்கள், தீபம் எரிந்தது. சரியான முடிவு, அதில் ஒரு குறையும் சொல்லமாட்டேன். ஒரு நாள் ஏறிவிட்டு இறங்கப்போகிறவருக்கு மலை பாதுகாப்பானதா என்று பன்னிரண்டே நாளில் ஆராய முடிந்தது. அதன் அடியில் வருஷம் முழுக்கப் படுத்துத் தூங்குகிறவருக்கு எத்தனை ஆண்டுகளாக அந்தக் குழு வரவில்லை?

வேண்டுவது சந்திரனுக்கு ராக்கெட் இல்லை. மாநகராட்சியில் சரிவுக்கென்று ஒரு பொறியாளர், அவர் பெயர் போட்ட ஒரு பலகை. இணையப் படிவத்தில் தாங்கு சுவர் என்று ஒரு வரி. பட்டா இருக்கிறதோ இல்லையோ, அடிவாரத்து வீடுகளுக்குப் பின்னால் உள்ள மேட்டை மழைக்கு முன் ஆள் வந்து பார்ப்பது, வந்தவர் வீட்டுக்காரரிடம் ஆவணம் கேட்காமல் இருப்பது. ஆக்கிரமிப்பு வழக்கு அதன் பாட்டுக்கு நீதிமன்றத்தில் நடக்கட்டும். தீர்ப்பு வரும்வரை மண் காத்திருக்காது.

அதுவரை, மலையைப் பார்த்து வீடு கட்டியிருப்பவர்களுக்கு இரண்டு வேலை. முதலாவது, உங்கள் சுவரில் உள்ள குழாய்களை ஒரு கம்பி விட்டுக் குத்திப் பாருங்கள். அடைத்திருந்தால் பெயின்டைப் பார்க்காமல் உடைத்துத் திறந்துவிடுங்கள். மழையில் அந்தக் குழாய் ஒழுக வேண்டும். ஒழுகாவிட்டாலோ, சுவரில் நீளவாட்டில் வெடிப்போ வயிறு தள்ளியது போன்ற வீக்கமோ தெரிந்தாலோ, அன்று இரவு அந்தப் பக்கத்து அறையில் பிள்ளைகளைப் படுக்க வைக்காதீர்கள்.

இரண்டாவது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாநகராட்சிக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் ஒரு விண்ணப்பம். வழவழவென்று எழுத வேண்டாம். "என் வீட்டுக்குப் பின்னால் உள்ள சரிவுக்குப் பொறுப்பான அலுவலரின் பதவி என்ன? அவர் கடைசியாக அதை நேரில் பார்த்த தேதி எது?" இவ்வளவுதான். 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் தரவேண்டும் என்பது 2005-ஆம் ஆண்டுச் சட்டம். தெருவுக்கு ஒருவர் அல்ல, வீட்டுக்கு ஒருவர் அனுப்புங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்குள் பதில் வரும்படி கணக்குப் போட்டுத் தபாலில் சேர்த்துவிடுங்கள்.